எமிஸ் சார்

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குள் காலை ஒன்பதரை மணிக்கு நுழைந்தால் அவரை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. சைக்கிள் கொட்டகையின் வடமூலையில், வலக்கையை வானத்துக்கு உயர்த்தி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவர் நிற்பார். புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சார் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து, தாங்களும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகும். அவர் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றுவதற்கு சிக்னல் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த மூலையில் ஒரு கோடு கிடைக்கும். வேப்பமரம் கிழக்கே சாய்ந்தால் இரண்டு.

சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் பென்டிரைவ். தோள்பையைத் திறந்தால் டிபன் பாக்ஸுக்கு மேல் சுருட்டி வைத்த கேபிள்கள். பள்ளியின் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் புளிசாத வாசனை அடிப்பதற்கு அதுதான் காரணம். கையில் இரண்டு போன்கள். ஒன்று சொந்த வேலைக்கு, இன்னொன்று பள்ளி வேலைக்கு. இரண்டுக்கும் ரீசார்ஜ் செய்வது அவரே.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. பணிப்பதிவேட்டில் பார்த்தால் தெரியும். பள்ளியில் அவர் எமிஸ் சார். மாணவர் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, காலணி அளவு, மாற்றுச் சான்றிதழ் என்று ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கை முழுவதையும் விழுங்கி வைத்திருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளம்தான் எமிஸ். அதற்கு வேளாவேளைக்கு ஊட்டிவிடுபவர் இவர். படித்தது பி.எஸ்சி. இயற்பியல், பி.எட். எடுக்க வேண்டிய பாடம் அறிவியல். அதையும் எடுக்கிறார், சர்வர் படுத்திருக்கும் நேரங்களில்.

இந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதற்குப் பள்ளிக்குப் பள்ளி ஒரே கதைதான். எமிஸ் வந்த புதிதில் ஆசிரியர் கூட்டத்தில் எச்.எம். கேட்டார்: "யாருக்குங்க டைப் அடிக்கத் தெரியும்?" அறை முழுக்க மின்விசிறிச் சத்தம். தமிழய்யா ஜன்னல் வழியே கொன்றை மரத்தைப் பார்த்தார். கணக்கு டீச்சர் விடைத்தாளை மறுபடி கூட்ட ஆரம்பித்தார். பி.இ.டி. சார் விசில் கயிற்றில் புதிதாக ஒரு முடிச்சுப் போட்டார். அந்த வாரம்தான் பணியில் சேர்ந்திருந்த நம்மவர், ஊர்க் கடைத்தெரு இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்த நம்பிக்கையில், "எனக்குத் தெரியும் சார்" என்றார். சில வாக்கியங்கள் சொல்லும்போது சிறியவை.

அன்றிலிருந்து மின்சாரம் பாயும் எந்தப் பொருள் பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஹைடெக் லேபில் கணினி எழவில்லையா, எமிஸ் சார். சத்துணவுக் கூடத்து மிக்சி ஓடவில்லையா, எமிஸ் சார். வானவில் எழுத்துருவில் அடித்த பழைய சுற்றறிக்கையைத் திறந்தால் திரையில் கொக்கியும் குறியுமாக நிற்கிறதா, "ஐயோ வைரஸு" என்று ஒரு குரல் வரும், அவர் ஓடி வருவார். அரசு 2010-லேயே ஒருங்குறிக்கு மாறச் சொல்லிவிட்டது என்பதை ஓடிவரும்போதே சொல்லிக்கொண்டு வருவார். அதைக் கேட்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

பாஸ்வேர்டுகள் தனிக் காவியம். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல். தமிழய்யா தன் மனைவி பெயரை வைத்திருந்தார். வீட்டில் மனஸ்தாபம் வரும்போதெல்லாம் அதை மாற்றிவிடுவார், சமாதானம் ஆனபின் எதற்கு மாற்றினோம் என்பது மறந்துவிடும். பி.இ.டி. சார் பிறந்த தேதி வைத்திருந்தார், அதுவும் சர்டிபிகேட்டில் இருக்கும் தேதியா, அம்மா சொல்லும் தேதியா என்று ஒவ்வொரு தடவையும் இரண்டையும் அடித்துப் பார்ப்பார். மூன்றாவது முறை தப்பானால் கணக்கு பூட்டிக்கொள்ளும், உடனே விசில் ஊதுவார். கடைசியில் எச்.எம். ஒரு முடிவுக்கு வந்தார்: "எல்லார் பாஸ்வேர்டையும் நீங்களே ஒரு நோட்டுல எழுதி வச்சிருங்க சார்." இணையப் பாதுகாப்பில் எவையெல்லாம் கூடாதோ அவை அத்தனையும் அந்த ஒரு நோட்டில் சேர்ந்தன. எமிஸ் சாரால் மறுக்க முடியவில்லை. ஆனால் அவர் சும்மா விடுபவரும் இல்லை. அந்த நோட்டுக்குப் பழுப்புக் காகித அட்டை போட்டு, மேலே 'வருகைப் பதிவேடு 2009-10, பழையது' என்று சிவப்பு மையில் எழுதி பீரோவில் வைத்தார். அன்றிலிருந்து அதை ஒரு மனிதர் தொட்டதில்லை. கரையான்கூடத் தொடவில்லை. உலகின் பெரிய கம்பெனிகள் கோடி கொட்டிச் செய்யும் காரியத்தை அவர் ஒரு லேபிளில் முடித்தார்.

இணையப் பாதுகாப்பு வாரம் கொண்டாடச் சொல்லி மேலிருந்து செய்தி வந்தால் பள்ளி நடைமுறை எளிது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி. பிறகு போட்டோ. போட்டோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போக வேண்டும், பத்து மணிக்குள். முதல் தடவை எமிஸ் சார் மேடையேறி, "முன்பின் தெரியாதவர்களுக்கு என் புகைப்படத்தை அனுப்பமாட்டேன்" என்று சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். சொல்லி முடித்த கையோடு அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரின் முகத்தையும் படமெடுத்து, முன்பின் தெரியாத இருநூறு பேர் இருக்கும் குழுவில் போடப் போனார். பொத்தானை அழுத்துமுன் விரல் நின்றது. மேடையிலிருந்து இறங்கி, வரிசைக்குப் பின்னால் போய் மறுபடி ஒரு படம் எடுத்தார்.

அதிலிருந்து அந்தப் பள்ளி அனுப்பும் படங்கள் எல்லாமே பின்னந்தலைகள்தாம். ரெட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன், கனகாம்பரம், எண்ணெய் வழியும் உச்சி. ஒருநாள் வட்டார வள மையத்திலிருந்து வந்தவர் கேட்டார்: "என்ன சார், உங்க பிள்ளைங்க மட்டும் எப்பவும் நமக்கு முதுகைக் காட்டிக்கிட்டே நிக்குது?"

"கரும்பலகையைப் பாக்குறாங்க சார். ஆர்வம்."

"விளையாட்டு விழாவுலயுமா?"

"ஓடிக்கிட்டிருந்தாங்க சார்."

வகுப்பறையில் அவரைப் பார்க்க வேண்டும். வெறும் சைபர், ஃபிஷிங் என்றெல்லாம் ஆரம்பித்தால் எட்டாம் வகுப்பு கொட்டாவி விடும் என்று அவருக்குத் தெரியும். "இன்ஸ்டாகிராம் யார் யார் வச்சிருக்கீங்க?" என்று கேட்டால் ஒரு கையும் எழாது. அத்தனை பேரும் அப்படி ஒரு சொல்லை வாழ்நாளில் கேட்டதில்லை என்பதுபோல் விழிப்பார்கள். ஆகவே அவர் வேறு மாதிரி கேட்பார்: "இன்ஸ்டாவுல 1990-ல பொறந்தவங்க யாரு?" பின்வரிசை களுக்கென்று சிரித்துவிடும். பதின்மூன்று வயது ஆகாதவர்களைச் சேர்க்கமாட்டோம் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. பிள்ளைகள் வம்பு வேண்டாமென்று தாராளமாக வயதைக் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எமிஸ் சாருக்கே மூத்தவன். அவனை அன்று முழுக்க "அண்ணே" என்று கூப்பிட்டார். "அண்ணே, ஓம் விதியைச் சொல்லுங்கண்ணே." அண்ணனுக்கு ஓம் விதி தெரியவில்லை.

2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வரைக்கும் குழந்தைதான் என்கிறது. பெற்றோர் ஒப்புதல் கேட்க வேண்டும் என்கிறது. பெற்றோரின் போன் யார் கையில் இருக்கிறது என்பதை டெல்லியில் யாராவது ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் விசாரித்திருக்கலாம்.

ஏமாற்று இணைப்புகளை அவர் 'டைமண்ட் லிங்க்' என்ற தலைப்பில்தான் நடத்துவார். 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டைத் தடை செய்தார்கள். பிள்ளைகள் அதே சூட்டோடு ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதில் துப்பாக்கிக்குச் சட்டை மாற்ற டைமண்ட் வேண்டும், டைமண்டுக்குக் காசு வேண்டும். 'இலவச டைமண்ட்' என்று ஒரு லிங்க் வரும். தொட்டால் பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால் டைமண்டும் வராது, இருந்த கணக்கும் போய்விடும். இதை அவர் சொல்லும்போது வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும். பறிகொடுத்தவர்கள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள், தலை குனிந்து. அமிலம், காரம் நடத்தும்போது இந்த அமைதி கிடைக்காது என்ற வருத்தம் அவருக்கு உண்டு.

கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்தால் மறக்கவும் மறக்காது, மற்றவர் ஊகிக்கவும் முடியாது என்பதை அழகாக விளக்கி, உதாரணத்துக்குக் கரும்பலகையில் 'புளியமரம் சைக்கிள் நிலா வடை' என்று எழுதினார். மறுநாள் விசாரித்தால் நாற்பது பேரும் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். நாற்பதும் புளியமரம் சைக்கிள் நிலா வடை. பலகையில் இருப்பதை நோட்டில் இறக்குவது தமிழ்நாட்டு மாணவனின் ரத்தத்தில் ஊறியது. பரீட்சையில் வரும் என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தார்கள்.

அடுத்து கியூஆர் கோடு. தெரியாத கியூஆர் கோடை ஸ்கேன் செய்யாதே என்றார். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "சயின்ஸ் புக்குல இருக்கே சார், அதுவும் தெரியாததுதானே?" என்றாள். 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கட்டம்தான், ஸ்கேன் செய்தால் பாடக் காணொளி வரும். நல்ல ஏற்பாடு. ஆனால் அவளுக்கு என்ன பதில் சொல்வது? கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஸ்கேன் செய்ததும் எந்த முகவரிக்குக் கூட்டிப்போகிறது என்று மேலே வரும் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று அந்தப் பாடத்தைத் திருத்திக்கொண்டார். அந்தக் கேள்வியைப் பிறகு ஆசிரியர் பயிற்சியில் தன் கேள்வியாகவே கேட்டுக் கைதட்டல் வாங்கினார் என்று கேள்வி.

அந்த மாதிரிப் பயிற்சி ஒன்றில் கருத்தாளர் 'நம் அந்தரங்கம் நம் கையில்' என்ற தலைப்பில் தன் போனைப் புரொஜெக்டரில் இணைத்து விளக்கிக்கொண்டிருந்தார். திரையின் மேல்பக்கத்தில், 'தேங்காய் ரெண்டு, சின்ன வெங்காயம் கால் கிலோ' என்று வந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில், 'போன தடவை மாதிரி அழுகலா வாங்காதீங்க.' அதற்குப் பின் வங்கியிலிருந்து மீதித் தொகை வந்தது. அறை மொத்தமும் அனுதாபத்துடன் பெருமூச்சு விட்டது. அன்று முழுநாள் பயிற்சியில் எமிஸ் சார் கற்று வந்தது ஒன்றே ஒன்று: புரொஜெக்டரில் இணைக்கும் முன் நோட்டிபிகேஷனை அணைக்க வேண்டும்.

அவருக்கு உண்மையில் பிடித்தது பாதுகாப்புப் பாடம் அல்ல, ஹைடெக் லேப். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் என்ற இலவச அறிவியல் மாதிரிகளை வீட்டில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நெட் இல்லாமலே ஓடும் என்பதால் நம் பள்ளிகளுக்காகவே செய்ததுபோல் இருக்கும். பேட்டரி, பல்பு, ஒயர் எல்லாம் திரையில் கிடக்கும். இழுத்து இணைத்தால் பல்பு எரியும், எலெக்ட்ரான்கள் ஊர்வது தெரியும். குறுக்குச் சுற்று செய்தால் பேட்டரி திரையிலேயே தீப்பிடித்து எரியும். முதல் வகுப்பில் பல்பு எரியவிட்டவர் எவருமில்லை. ஆளாளுக்குப் பேட்டரியைக் கொளுத்தினார்கள். "சார், எனக்குப் பத்திக்கிச்சு!" "எனக்கு ரெண்டும் பத்திக்கிச்சு சார்!" சத்தம் கேட்டு எச்.எம். மணல் வாளியோடு ஓடி வந்தார். ஆனால் ஏன் பற்றியது என்று அடுத்த பதினைந்து நிமிடத்தில் அவர்களே கண்டுபிடித்தார்கள். மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும் என்பதைத் தீ வைத்துக் கற்றுக்கொண்ட அந்த வகுப்பில், வயசுக்கு மூத்த அந்த அண்ணனுக்கும் ஓம் விதி வந்துவிட்டது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு வாழ்க்கை சுவாரசியமானது. 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று தமிழய்யா கட்டுரை கேட்க, ஒருவன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தான். முதல் வரி: 'நிச்சயமாக! இதோ உங்கள் ஊர்த் திருவிழா பற்றிய ஒரு சிறந்த கட்டுரை.' கையெழுத்துக்காகத் தமிழய்யா முழு மதிப்பெண் போட்டுவிட்டார். எமிஸ் சார்தான் காட்டிக்கொடுத்தார். அவர் முதல் வரியைக்கூட ஆதாரமாக எடுக்கவில்லை. "கிடா வெட்டே வரலை பாருங்கய்யா. நம்ம ஊர்த் திருவிழாவுல கிடா வெட்டு இல்லாம இவன் கட்டுரை எழுதுவானா?" பையனைத் திட்டவில்லை. அடுத்த வாரம் அதே கட்டுரையை லேபில் போட்டு, இயந்திரம் நம் ஊரைப் பற்றி எங்கெங்கே புளுகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். தேரோடும் வீதியே இல்லாத ஊரில் தேர் ஓடியிருந்தது. ஆற்றங்கரையில் வாணவேடிக்கை நடந்திருந்தது, ஊரில் ஆறே இல்லை.

ஆனால் அவர் பெயர் சுற்றுவட்டாரத்தில் பரவியது ஓடிபி விஷயத்தில்தான். கல்வித்துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோருக்குப் போன் செய்து, வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு அனுப்பிப் பணத்தை உருவும் கூட்டம் ஒன்று கிளம்பியது. பணம் நமக்கு வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, எண்ணைப் போடச் சொன்னாலே நம் பணம் போகிறது என்று பொருள் என்பதை அவர் ஒரு வாரம் எல்லா வகுப்பிலும் போய்ச் சொன்னார். ஓடிபியை யாருக்கும், எவர் கேட்டாலும், எந்தக் காரணத்துக்கும் சொல்லக்கூடாது என்றார். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் போட வேண்டும், நேரம் போகப் போகப் பணம் கைமாறிக்கொண்டே போகும் என்றார். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் ஒப்பித்தார்கள்.

கொஞ்ச நாளில், 2024-இல், பெற்றோரின் செல்போன் எண்களைச் சரிபார்க்க எமிஸ் ஒரு வழி கண்டது. பெற்றோர் எண்ணுக்கு ஓடிபி போகும். ஆசிரியர் அதைக் கேட்டு வாங்கிப் பதிய வேண்டும்.

எமிஸ் சார் நாற்காலியில் உட்கார்ந்து, சொம்பு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, முதல் எண்ணை அழுத்தினார்.

"அம்மா, பள்ளிக்கூடத்துலருந்து பேசுறேன். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க..."

"வந்திருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"அதைக் கொஞ்சம் சொல்லுங்கம்மா."

"சொல்லமாட்டேங்க. எங்க புள்ளையோட சாரு சொல்லிருக்காரு, ஆரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு."

"அந்த சாரே நான்தாம்மா!"

"இப்படித்தான் சொல்லுவாங்கன்னும் சொல்லிருக்காரு."

"அம்மா, என் குரல் தெரியலையா? போன மாசம் கூட்டத்துல பேசுனேனே..."

"குரலையும் மாத்திப் பேசுவாங்களாம், அதையும் சொல்லிருக்காரு. வச்சிரு போனை. 1930-க்குப் போட்டு உள்ள தள்ளிருவேன்."

அன்று மாலை வரை அவர் வாங்கிய வசவுகளைத் தொகுத்தால் வட்டார வழக்கு அகராதிக்கு ஒரு பின்னிணைப்புக் கிடைக்கும். மாநிலம் முழுக்க ஆசிரியர்கள் அதே பாட்டைத்தான் பட்டார்கள். ஆனால் நம்மவர் ஒருவர்தான் ஒவ்வொரு வசவுக்கும் பிறகு போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா சார், நூத்துக்கு நூறு!" என்று எச்.எம்.மிடம் போய்ச் சொன்னார். எச்.எம். சரிபார்ப்பு விழுக்காடு எவ்வளவு என்று கேட்டார். பூச்சியம். கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அத்தனை பேரையும் வரச்சொல்லி, எதிரில் உட்காரவைத்து, திரையில் எமிஸ் பக்கத்தையும் காட்டித்தான் எண்களை வாங்கினார். அந்த அம்மா அப்போதும் அவர் அடையாள அட்டையை வாங்கி, முகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

இவரை இவ்வளவு நேரம் கிண்டல் செய்துவிட்டேன். ஓர் இடத்தில் மட்டும் எனக்கு அது முடியவில்லை. மணியடித்துப் பள்ளி கலைந்த பிறகு லேப் வாசலில் ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கும். "சார், எங்க அக்காவோட ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சினை சார்" என்று தொடங்கும். அந்த அக்காவும் இல்லை, அந்த ஃப்ரெண்டும் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஏன் பேசினாய், ஏன் படம் அனுப்பினாய் என்று அவர் கேட்டதில்லை. "ஃப்ரெண்டுகிட்ட சொல்லு, தப்பு அவ மேல இல்லை" என்பதுதான் முதல் வாக்கியம். மிரட்டுகிறவனுக்குப் பணம் கொடுக்கக்கூடாது, உரையாடலை அழிக்கக்கூடாது, திரையைப் படமெடுத்து வைத்துவிட்டு அவனைத் தடுக்க வேண்டும். அந்தப் படத்தை அவர் பார்க்கமாட்டார். சாட்சிக்கென்றுகூட யாருக்கும் அனுப்பச் சொல்லமாட்டார், குழந்தையின் அந்த மாதிரிப் படத்தை அனுப்புவதே குற்றம். 'டேக் இட் டவுன்' என்று ஓர் இலவசச் சேவை இருக்கிறது, படத்தை எங்கும் ஏற்றாமல் அதன் டிஜிட்டல் ரேகையை மட்டும் நம் போனிலேயே எடுத்து, இன்ஸ்டா போன்ற தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்க உதவுகிறது. அதைத் திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பெண் பிள்ளையென்றால் கணக்கு டீச்சரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருப்பார். பிறகு 1098. "ஸ்கூல் பேரு கெட்டுப்போயிரும் சார்" என்று எச்.எம். ஒருமுறை இழுத்தார். "போக்சோ சட்டத்துல, தெரிஞ்சும் சொல்லாம இருந்தா நம்ம பேருதான் சார் கேஸுல வரும்" என்றார் எமிஸ் சார், மாற்றுச் சான்றிதழுக்குப் பிரிண்ட் எடுத்துக்கொண்டே. எச்.எம். அதற்குமேல் இழுக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கும் ஒருநாள் அலுப்புத் தட்டத்தானே செய்யும்? பொது மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்கு விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பமும் எமிஸ் வழியாகத்தான். பள்ளியே அது நிராகரிக்கப்பட வேண்டுமென்று வேண்டிக்கொண்டது, தமிழய்யா தேங்காய் உடைத்தார். ஆனாலும் கிடைத்துவிட்டது. புதுப் பள்ளியில் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டார். பென்டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒளித்தார்.

புது எச்.எம். அம்மா அன்பாக வரவேற்று, டீ வரவழைத்து, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்: "கம்ப்யூட்டர் பழக்கம் உண்டுங்களா சார்?"

"இல்லைங்க மேடம். நமக்குச் சாக்பீஸ்தான்."

அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் மானிட்டரை அவர் பக்கம் திருப்பினார். ஆசிரியர் சுயவிவரப் பக்கம். பெற்ற பயிற்சிகள்: ஹைடெக் லேப், உண்டு. மின்பாடம் தயாரித்தல், உண்டு. இணையப் பாதுகாப்பு, உண்டு, கருத்தாளர். வரிசை கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. எல்லாம் அவரே, ஒரு பிழையில்லாமல், அந்தந்தத் தேதியோடு ஏற்றியவை.

"நீங்களே பதிஞ்சதுதானே சார்?"

அவர் டீயைக் கீழே வைத்தார். மானிட்டரின் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: பள்ளியின் கடவுச்சொல், ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், வாசல் வரை தெரியும்படி. எட்டிப் பிய்த்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மேடம், பீரோவுல பழைய வருகைப் பதிவேடு ஏதாச்சும் இருக்குமா?"